நந்திவர்மனுக்கு ரெண்டு அப்பா: ஆவணங்கள் முரண்பட்டால் என்ன செய்வது?

இந்த எபிசோடில் நாம பேசப்போறது எட்டாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தை ஆண்ட ஒரு பல்லவ ராஜாவைப் பற்றி. பேரு நந்திவர்மன். புத்தகங்களில் இரண்டாம் நந்திவர்மன்னு போடுவாங்க. பட்டப்பெயர் பல்லவமல்லன். இவர் ஆட்சியைப் பற்றி நிறைய பேசலாம். ஆனால் இன்னைக்கு நான் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு கேள்வி: இவரோட அப்பா யார்?

சுலபமான கேள்வி மாதிரி தெரியுது, இல்லையா? ராஜாவாச்சே, அப்பா பேரு எங்கேயாவது எழுதியிருக்குமே. எழுதித்தான் இருக்கு. அதுதான் பிரச்சினையே.

வாணியம்பாடி பக்கம் உதயேந்திரம்னு ஒரு ஊர். அங்கே கிடைத்த செப்பேடு நந்திவர்மனின் 21-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதன்படி அவருடைய அப்பா, அவருக்கு முன்னால் ஆண்ட இரண்டாம் பரமேஸ்வரவர்மன். காரைக்கால் பக்கம் காசக்குடியில் 1879-இல் இன்னொரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. அது 22-ஆம் ஆட்சியாண்டு. அதன்படி அப்பா பேரு இரணியவர்மன். பல்லவ வம்சத்தின் வேறொரு கிளையில் வந்தவர்.

ஒரே ராஜா. ஒரு வருஷ இடைவெளி. ரெண்டு அரசு ஆவணம். ரெண்டு அப்பா.

இன்றைய வார்த்தையில் சொன்னால், ஆதாரில் ஒரு அப்பா, ரேஷன் கார்டில் இன்னொரு அப்பா. கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் "மேட்ச் ஆகலை, போய் சரிபண்ணிட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவார். நந்திவர்மன் எங்கே போய் சரிபண்ணுவார்?

சிரிப்பு வருது. ஆனால் இது கம்ப்யூட்டர் துறையில் பல பத்தாண்டுகளாக மண்டையைக் குடைகிற விஷயம். பல இடங்களிலிருந்து தகவல் வருது. ஒன்றோடு ஒன்று இணைச்சிருக்கோம். எதுவும் முழுசா இல்லை. சிலது ஒன்றையொன்று மறுக்குது. இந்த நிலையில் ஒரு மெஷின், அல்லது ஒரு மனுஷன், எப்படி யோசிக்கணும்? இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து கிடையாது. அங்கே பிள்ளையார்பாளையத்துக்கும் ஒரு முக்கியமான இடம் இருக்கு. வரேன்.

ஒரு முரண் போதும், எல்லாம் சரியும்

முதலில், முரண்பாடு ஏன் இவ்வளவு ஆபத்து? "ரெண்டு பதிவு இடிக்குது, இருந்துட்டுப் போகட்டும்"னு விட்டுட முடியாதா?

பள்ளிக்கூடத்தில் படிக்கிற சாதாரண தர்க்கத்தில் விட முடியாது. எப்படின்னு பாருங்க. "நந்திவர்மனின் அப்பா பரமேஸ்வரவர்மன்" என்பதை உண்மைன்னு வெச்சுக்கிட்டோம். அப்படியானால், "அப்பா பரமேஸ்வரவர்மன், அல்லது காஞ்சிபுரம் நிலாவில் இருக்கிறது" என்ற வாக்கியமும் உண்மைதான். "அல்லது" போட்டால் ரெண்டில் ஒன்று சரியாக இருந்தால் போதும். இப்போ காசக்குடிக்காரர் வந்து "அப்பா பரமேஸ்வரவர்மன் இல்லை" என்கிறார். அதையும் நம்புறோம். அப்போ அந்த "அல்லது" வாக்கியத்தில் முதல் பாதி காலி. மிச்சம் என்ன? காஞ்சிபுரம் நிலாவில் இருக்கிறது!

ஒரு முரணை உள்ளே விட்டால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். தர்க்கவியலில் இதை "வெடிப்பு" என்றே சொல்கிறார்கள். ஒரு லட்சம் சரியான பதிவுகளும் ஒரே ஒரு இடியும் இருந்தால், கண்டிப்பான தர்க்கத்தில் ஓடும் மெஷினுக்கு அந்த ஒரு லட்சத்தாலும் பயன் இல்லை.

ஆனால் வரலாற்று ஆய்வாளர் யாரும் உதயேந்திரம் செப்பேட்டைப் படித்துவிட்டுக் காஞ்சிபுரம் நிலாவில் இருக்குன்னு எழுதுவதில்லை. முரண் இருக்குன்னு தெரிந்தே அவர்கள் வேலை செய்கிறார்கள். எப்படி? அதைப் பார்க்க மூணு கதை சொல்றேன். மூன்றும் காஞ்சியைச் சுற்றி நடந்தவை. ஒவ்வொன்றும் வேறுவகைச் சிக்கல்.

கதை ஒன்று: புல்லலூரில் ஜெயித்தது யார்?

ஏழாம் நூற்றாண்டு. வாதாபியில் சாளுக்கியர், காஞ்சியில் பல்லவர். சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி, பல்லவ அரசன் மகேந்திரவர்மன்.

கர்நாடகத்தில் ஐஹொளே என்ற ஊரில் ஒரு சமணக் கோயில். அங்கே கி.பி. 634-35-இல் ரவிகீர்த்தி என்ற கவிஞர் எழுதிய கல்வெட்டு இருக்கு. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னனின் பெருமை மங்கியது, அவன் காஞ்சியின் மதில்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று அது சொல்கிறது. அதாவது சாளுக்கியர் வெற்றி.

இந்தப்பக்கம் காசக்குடிச் செப்பேடு. மகேந்திரவர்மன் புல்லலூரில் தன் முக்கியப் பகைவர்களை அழித்தான் என்று சொல்கிறது. புல்லலூர் காஞ்சிக்குப் பக்கத்து ஊர்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1780-இல், ஹைதர் அலி, திப்பு படைகள் ஆங்கிலேயரைத் தோற்கடித்ததும் அதே ஊர்ப் பக்கம்தான். ஆக, பல்லவர் வெற்றி.

ரெண்டு பேரும் ஜெயிச்சாங்களா?

இங்கே நிதானமாகப் படிக்கணும். ஐஹொளே கல்வெட்டு பல்லவ அரசனின் பெயரைச் சொல்லவில்லை. காஞ்சியைப் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை. மதிலுக்குள் போய்விட்டான் என்பதோடு நிற்கிறது. காசக்குடியோ பகைவர் யாருன்னே சொல்லவில்லை. "மகேந்திரன் புல்லலூரில் புலிகேசியை வென்றான்" என்ற வாக்கியம் எந்த ஆவணத்திலும் இல்லை. ரெண்டு ஆவணத்தையும் பக்கத்தில் வைத்து நாம் இட்டுக்கட்டிய வாக்கியம் அது. நல்ல ஊகம்தான். பல அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட ஊகம். ஆனாலும் ஊகம்.

புலிகேசி நெருங்கி வந்தான், மகேந்திரன் மதிலுக்குள் போனான், அப்புறம் வெளியே வந்து புல்லலூரில் அடித்தான் என்று வைத்தால் ரெண்டு ஆவணமும் சண்டையில்லாமல் ஒரே அறையில் உட்காரும். பாதிக் கதையை அவர்கள் சொன்னார்கள், மறுபாதியை இவர்கள் சொன்னார்கள். தகவல் குறைவாக இருந்த இடத்தை நாம் நம்ம சௌகரியத்துக்கு நிரப்பினோம். இடித்துக்கொண்டவை அந்த நிரப்பல்கள்தான்.

முதல் பாடம் இது. முரண்பாடு தெரிந்ததும், ஒவ்வொரு ஆவணமும் உண்மையில் எந்த அளவுக்குச் சொல்கிறது என்று அளந்து பாருங்க. பாதி முரண் அங்கேயே கரைந்துவிடும்.

கதை இரண்டு: தூணில் ஒரு கன்னடக் கல்வெட்டு

இப்போ பிள்ளையார்பாளையத்துக்கு வருவோம். காஞ்சிபுரத்தின் பட்டு நெசவுப் பகுதி. தெருவுக்குள் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். இந்தப் பகுதியை ஒட்டித்தான் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. கோயிலின் பழைய பெயர் ராஜசிம்மேஸ்வரம்.

கருவறைக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் ஒரு தூணின் பின்பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கு. மொழி கன்னடம். பல்லவத் தலைநகரில், பல்லவர் கட்டிய கோயிலில், கன்னடம் எப்படி வந்தது?

வெட்டியது சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன். காஞ்சியைப் பிடித்தேன், ஆனால் ராஜசிம்மேஸ்வரத்தின் சொத்தைப் பறிக்கவில்லை, திருப்பிக் கொடுத்தேன் என்பதுதான் அதன் சாரம். அப்போது காஞ்சியை ஆண்டது யார்? நம்ம நந்திவர்மன்தான்.

அவருடைய காசக்குடிச் செப்பேட்டில் இந்தத் தோல்வியைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைநகரம் எதிரி கையில் போனது சின்ன விஷயமா? ஆனாலும் மௌனம்.

கம்ப்யூட்டர் துறையில் இதுக்கு ஒரு பெயர் உண்டு. 1978-இல் ரேமண்ட் ரைட்டர் என்ற ஆய்வாளர் "மூடிய உலகம்" என்ற அனுமானத்தை முறைப்படி எழுதி வைத்தார். பதிவில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று எடுத்துக்கொள்வது. பஸ் டைம்டேபிளுக்கு இது பொருந்தும். 3.20-க்கு பஸ் போட்டிருக்கவில்லை என்றால் 3.20-க்கு பஸ் இல்லை. யாரும் "ஒருவேளை இருக்கலாமோ"ன்னு நிற்க மாட்டாங்க. ஏன்னா அந்த அட்டவணை முழுசானது என்று நமக்குத் தெரியும்.

செப்பேடு டைம்டேபிள் இல்லை. அதன் வேலை ஒரு தானத்தைப் பதிவுசெய்வது, கூடவே வம்சத்தைப் புகழ்வது. தோல்வியை எழுத அதில் கட்டமே கிடையாது. அதனால் பல்லவர் செப்பேட்டின் மௌனத்தை "தோற்கவில்லை" என்று படிக்கக் கூடாது. "இது பற்றி இங்கே தகவல் இல்லை" என்று மட்டும்தான் படிக்கலாம்.

அப்போ விக்கிரமாதித்தன் சொல்வதை நம்பலாமா? அவர் தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுகிறார் அல்லவா? இங்கேதான் இணைப்பு உதவுது. அவர் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் கி.பி. 757-இல் வெளியிட்ட வக்கலேரிச் செப்பேடு, கோலார் பகுதியில் கிடைத்தது. என் அப்பா நந்திபோதவர்மனை வென்று, காஞ்சியை அழிக்காமல் உள்ளே போய், ராஜசிம்மேஸ்வரம் முதலிய கோயில்களுக்குப் பொன் கொடுத்தார் என்று அது சொல்கிறது. பட்டடக்கல்லில் ஒரு கல்வெட்டு, விக்கிரமாதித்தன் மூன்று முறை காஞ்சியை வென்றவன் என்கிறது.

மூணு ஆதாரம் இருக்கே, போதுமேன்னு தோணும். அவசரப்படாதீங்க. மூன்றும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. ஒரே ஆள் மூணு வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஃபார்வர்டு மாதிரி. எண்ணிக்கையில் மூன்று, சாட்சியாக ஒன்று.

ஆனால் அந்த ஒரு தூண் மட்டும் வேற மாதிரி. அது இருக்கும் இடம் காஞ்சி. வாதாபியில் உட்கார்ந்துகொண்டு "காஞ்சியைப் பிடிச்சேன்"னு யாரும் எழுதலாம். காஞ்சிக் கோயில் தூணில் வெட்ட வேண்டுமானால் உள்ளே வந்திருக்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான் என்பதையும் நம்புகிறோம். பல்லவர் செப்பேடுகள் சொல்வதால் மட்டும் அல்ல. வாதாபிப் பாறையிலேயே அவனுடைய கல்வெட்டு இருக்கு.

இன்னொன்றையும் கவனிங்க. விக்கிரமாதித்தன் போன பிறகு நந்திவர்மன் திரும்ப வந்தார், பல வருஷம் ஆண்டார். அந்தத் தூணில் இருந்த எதிரியின் எழுத்தை யாரும் செதுக்கி எடுக்கவில்லை. தங்கள் செப்பேட்டில் சொல்லாத ஒரு விஷயம், தங்கள் கோயிலில் அப்படியே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

கதை மூன்று: மறுபடி அந்த ரெண்டு அப்பா

புல்லலூர்ச் சிக்கல் படிக்கிற விதத்தில் தீர்ந்தது. தூண் விஷயம் மௌனத்தைப் புரிந்துகொண்டால் தீர்ந்தது. அப்பா பேரு அப்படி இல்லை. இது நிஜமான முரண். ரெண்டு ஆவணமும் ஒரே கட்டத்தில் வேறு வேறு பெயரை எழுதியிருக்கு.

இதுக்கு டேட்டாபேஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1999-இல் அரினாஸ், பெர்டோசி, ஹோமிட்ஸ்கி என்ற மூவர் எழுதியது. யோசனை எளிமையானது. முரண் உள்ள தகவல் தொகுப்பை எத்தனை விதமாகக் குறைந்தபட்ச மாற்றத்தோடு சரிசெய்யலாம் என்று பாருங்கள். எல்லா விதத்திலும் மாறாமல் நிற்கிற பதில் எதுவோ, அதை தைரியமாகச் சொல்லுங்கள்.

நந்திவர்மனுக்குப் போட்டுப் பார்ப்போம். உதயேந்திரத்தின் அப்பா வரியை எடுத்துவிட்டால் அப்பா இரணியவர்மன். காசக்குடியின் வரியை எடுத்துவிட்டால் அப்பா பரமேஸ்வரவர்மன். ரெண்டு விதத்திலும் மாறாதது என்ன? அவர் பல்லவ வம்சம். பரமேஸ்வரவர்மனுக்குப் பிறகு அரியணை ஏறினார். இருபது ஆண்டுக்கு மேல் ஆண்டார். இவ்வளவும் பத்திரம். ஒரு கட்டம் இடிக்கிறது என்பதற்காக இவற்றைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. வெடிப்பு ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இதுக்கு மேலே போகணும்னா ஆவணங்களின் பிறப்பைப் பார்க்கணும். காசக்குடிச் செப்பேட்டையும் உதயேந்திரம் செப்பேட்டையும் ஆராய்ந்து பதிப்பித்தவர் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன் கல்வெட்டறிஞர். அவர் கவனித்தது எழுத்தின் வடிவம். உதயேந்திரம் செப்பேட்டின் எழுத்து, நந்திவர்மன் காலத்துக்குப் பிந்தியது மாதிரி இருந்தது. கடைசியில் சோழன் பராந்தகனின் 26-ஆம் ஆட்சியாண்டில் சேர்த்த தமிழ் வரிகள் வேறு. ஆகவே இது பின்னாளில் எடுத்த நகலாக இருக்கலாம், அல்லது பின்னாளில் உருவாக்கியதாக இருக்கலாம். நகல் எடுக்கும்போது என்ன வேண்டுமானாலும் நடக்கும். அல்லது, அரியணைக்கு வாரிசாக வந்தவரை "மகன்" என்றே எழுதியிருக்கலாம்.

காசக்குடிக்குப் பக்கபலம் இருக்கா? இருக்கு. காஞ்சியிலேயே, வைகுண்டப் பெருமாள் கோயிலில். நந்திவர்மன் கட்டிய கோயில். திருச்சுற்று முழுக்க பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக ஓடுகிறது, ஒரு காமிக்ஸ் மாதிரி. சிலவற்றின் கீழே தமிழில் குறிப்புகள். பரமேஸ்வரவர்மன் இறந்தபிறகு அமைச்சர்களும் கடிகையாரும் மற்றவர்களும் இரணியவர்மனிடம் போகிறார்கள். அவர் தன் பிள்ளைகளைக் கேட்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன் "நான் போறேன்" என்கிறான். அவன்தான் பல்லவமல்லன். காசக்குடியும் அவரை மக்கள் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறது.

இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக நின்று படித்து அடையாளம் சொன்னவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1936-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். சின்ன வயதிலேயே 1940-இல் இறந்துவிட்டார். அவருடைய வைகுண்டப் பெருமாள் கோயில் நூல் 1941-இல்தான் வெளிவந்தது. பல்லவர் வரலாற்றில் நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிற பல விஷயங்களுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கு.

சரி, காசக்குடிக்கு ரெண்டு ஓட்டு, உதயேந்திரத்துக்கு ஒரு ஓட்டு, முடிஞ்சதா? இல்லை. சாளுக்கியருக்குப் போட்ட அதே கணக்கை இவருக்கும் போடணும். காசக்குடி நந்திவர்மனின் செப்பேடு, வைகுண்டப் பெருமாள் நந்திவர்மனின் கோயில். ஒரே அரசவையின் ரெண்டு வாய். ஓட்டு எண்ணக் கூடாது.

ஆனால் ஒன்றை யோசிங்க. "நான் முந்தின ராஜாவோட மகன்" என்று சொல்வதுதான் ஒரு ராஜாவுக்குச் சௌகரியம். அதைச் சொல்லாமல், "நான் வேற கிளை, கூப்பிட்டாங்க, வந்தேன்" என்று ஒரு அரசவையே தன் வாயால் ஒத்துக்கொள்கிறது. பொய் சொல்ல நினைப்பவர் தேர்ந்தெடுக்கிற பொய் அல்ல இது. அதனால்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் இரணியவர்மன் பக்கம் சாய்கிறார்கள்.

அப்போ உதயேந்திரம் செப்பேட்டை ஓரமாப் போட்டுடலாமா? கூடவே கூடாது. நந்திவர்மனை எதிரிகள் நந்திபுரத்தில் முற்றுகையிட்டபோது உதயசந்திரன் என்ற தளபதி வந்து மீட்டார், சித்திரமாயன் என்ற பல்லவப் போட்டியாளரைக் கொன்றார் என்று விரிவாகச் சொல்வது அந்தச் செப்பேடுதான். பன்னிரண்டு வயதுப் பையனை எல்லாரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது கோயில் சுவர் காட்டும் படம். சிலர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது இந்தச் செப்பேட்டிலிருந்து தெரிகிறது. ஒரு கட்டத்தில் சந்தேகம் உள்ள ஆவணம், இன்னொரு கட்டத்தில் நமக்கு இருக்கும் முக்கியமான சாட்சி. முழுசாகத் தூக்கி எறிந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆம், இல்லை, இன்னும் ரெண்டு

1977-இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நூயல் பெல்னாப், கம்ப்யூட்டர் எப்படி யோசிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆம், இல்லை என்று ரெண்டு விடை போதாது, நாலு வேண்டும் என்றார். "ஆம்" என்று மட்டும் யாரோ சொன்னார்கள். "இல்லை" என்று மட்டும் சொன்னார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ரெண்டுமே சொன்னார்கள். இந்த நாலில் எது என்று மெஷின் குறித்துக்கொள்ளட்டும். ரெண்டும் சொன்ன இடத்தில் வெடிக்க வேண்டாம். "இங்கே இடிக்குது" என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கட்டும்.

இந்த நாலும் இந்த எபிசோடில் வந்துவிட்டது. காஞ்சி வீழ்ச்சி பற்றிப் பல்லவர் செப்பேடு: எதுவும் சொல்லவில்லை. நந்திவர்மனின் அப்பா பரமேஸ்வரவர்மனா: ரெண்டும் சொன்னார்கள்.

இது மேற்கத்திய யோசனை மட்டும் என்று நினைக்காதீங்க. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் பௌத்தத் தர்க்கம் கேட்கிறாள். அதில் தவறான காரணங்களின் பட்டியல் ஒன்று வரும். ஒன்றின் பெயர் "விருத்த வியபிசாரி". ஒரு காரணம் "ஒலி நிலையற்றது" என்று நிறுவுகிறது. தன்னளவில் குறையில்லாத இன்னொரு காரணம் "ஒலி நிலையானது" என்று நிறுவுகிறது. ரெண்டும் சமபலம். அப்போது முடிவு வராது, ஐயம்தான் வரும். அந்த ஐயத்தையும் ஒரு வகையாகப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். எந்தப்பக்கமும் வலுக்கட்டாயமாகச் சாயவில்லை. அந்தப் பாடம் நடந்ததாகக் காப்பியம் சொல்லும் ஊர், நாம பேசிக்கிட்டிருக்கிற இதே காஞ்சி.

இன்றைக்கு விக்கிடேட்டா ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. 2012-இல் தொடங்கியது. ஒரே கேள்விக்கு ரெண்டு விடை இருந்தால் ரெண்டையும் போடலாம். ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் சேர்க்கலாம். எதை முன்னால் காட்டலாம், எதை ஓரமாக வைக்கலாம் என்று தரவரிசையும் கொடுக்கலாம். நந்திவர்மனின் ரெண்டு அப்பாவுக்கும் அங்கே இடம் உண்டு.

ராஜாவுக்குக் கிடைத்த பொறுமை

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துட்டேன்.

நந்திவர்மன் ராஜா. அதனால் அவருடைய ஆவணம் இடித்தபோது நூறு வருஷத்துக்கும் மேலாக அறிஞர்கள் உட்கார்ந்து, எழுத்து வடிவம் பார்த்து, சிற்பம் பார்த்து, "நகல் பிழையா, மகன் என்றால் வாரிசா" என்றெல்லாம் அவருக்காக யோசித்தார்கள். "மேட்ச் ஆகலை, இப்படி ஒரு ராஜாவே இல்லை" என்று யாரும் சொல்லவில்லை.

அதே கைலாசநாதர் கோயில் பக்கம் ஒரு நெசவாளியை எடுத்துக்குவோம். கற்பனை ஆள்தான். கூட்டுறவுச் சங்கப் பதிவேட்டில் அவர் க. முருகேசன். ஆதாரில் முருகேசன் கன்னியப்பன். வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு எழுத்து கூட. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு கட்டம் உள்ள விண்ணப்பத்தில் ஒவ்வொரு ஆபரேட்டரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவார். மூணு சிஸ்டத்தையும் இணைத்த அன்றைக்கு மூணு முருகேசன் ஆகிவிடுகிறார். அல்லது ஒருத்தரும் இல்லை.

அவர் மனைவி நிலைமை இன்னும் மோசம். தார் சுற்றுவார். கோர்வைச் சேலை நெய்யும்போது இன்னொரு பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளுவார். உடலும் பார்டரும் வேறு வேறு கலரில் வருகிற அந்தச் சேலைக்கு மூணு நாடா வேண்டும், பெரும்பாலும் ரெண்டு பேர் வேண்டும். ஆனால் தறி ஒருத்தர் பேரில்தான் இருக்கும். பதிவில் இல்லை, ஆகவே அவர் நெசவாளி இல்லை. மூடிய உலகம்! பஸ் டைம்டேபிளுக்கு உரிய தர்க்கத்தை மனுஷங்க மேலே போட்டால் இதுதான் நடக்கும்.

நாம பார்த்த மூணு கதையும் இங்கே அப்படியே பொருந்தும். இனிஷியல் பிரச்சினை புல்லலூர் மாதிரி. உண்மையில் முரணே இல்லை, படிக்கத் தெரிந்தால் கரைந்துவிடும். மனைவி பேரு இல்லாதது காசக்குடியின் மௌனம் மாதிரி. அதை "இல்லை" என்று படிக்கக் கூடாது. பிறந்த தேதி ரெண்டு இடத்தில் ரெண்டு விதமாக இருந்தால் அது நிஜ முரண். அங்கேயும் அந்த ஒரு கட்டத்தைத்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டும், ஆளையே நிறுத்தக் கூடாது. எந்தத் தேதியை எடுத்தாலும் அவர் நெசவாளிதான், அந்த வீட்டில் தறி இருக்கு என்பது மாறாது. மாறாத அந்தப் பதிலுக்கு உரிய பணத்தையாவது நிறுத்தாமல் கொடுக்கலாம்.

எல்லா சிஸ்டத்தையும் ஒன்றோடு ஒன்று இணைக்கிற காலம் இது. இணைப்பு நல்லதுதான். வக்கலேரியையும் கைலாசநாதர் தூணையும் இணைக்காமல் போயிருந்தால் கதை பாதிதான் கிடைத்திருக்கும். ஆனால் இணைத்தால் இடிக்கும். இடிக்கும்போது என்ன செய்வோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத சிஸ்டம், எப்போதும் எளிய வழியைத்தான் எடுக்கும். அதாவது எதிரில் நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்பும்.

கடைசியாக, ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. நந்திவர்மனின் அப்பா யார்? என் பதில்: இரணியவர்மன். சொல்வது காசக்குடிச் செப்பேடும் வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களும், ரெண்டும் அவருடைய அரசவையிலிருந்தே வந்தவை. உதயேந்திரம் செப்பேடு வேறு பெயர் சொல்கிறது, அதன் எழுத்து பிற்காலத்தது. இந்த நாலு வரியும் சேர்ந்ததுதான் பதில். முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க.

காஞ்சிபுரம் போனால் கைலாசநாதர் கோயிலில் அந்தத் தூணைத் தேடிப் பாருங்க.